களிம்பு பிடித்த காதுப்பெட்டி

அன்று காலை காதுப்பெட்டி வேலை செய்யாதபடியால்தான் குலசிங்கம் அடி வாங்கினான்.

திருகோணமலை மீன்சந்தைக்குப் பின்னால் இருந்த ஐஸ் ஸ்டோரில் அவனுக்கு வேலை. லொறியில் வரும் ஐஸ் பாளங்களை இரும்புக் கொக்கியால் குத்தி இழுத்து உள்ளே அடுக்க வேண்டும். அன்றைக்கு லொறி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. சாரதி ஹோர்ண் அடித்தான், தலையை வெளியே நீட்டிக் கத்தினான். முதுகைக் காட்டிக் குனிந்து நின்ற குலசிங்கத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. யாரோ ஓடிவந்து அவனைப் பிடித்து இழுக்க, லொறி தூணில் மோதிப் பின்கதவு நசுங்கியது. சாரதி குதித்து இறங்கி வந்து அவன் மூக்கில் குத்தினான். விழுந்தவனை வயிற்றில் உதைத்தான். உதடு அசைந்ததைப் பார்த்து, 'செவிட்டு நாய்' என்பதை மட்டும் குலசிங்கம் விளங்கிக்கொண்டான்.

எழும்பும்போது கொக்கி கையில்தான் இருந்தது. சுற்றி நின்றவர்கள் இரண்டடி விலகினார்கள். ஒருகாலத்தில் அவனுடைய கை எப்படி நீளும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவன் சாரதியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கொக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, மூக்கிலிருந்து ஒழுகிய இரத்தத்தைச் சட்டையில் துடைத்தபடி, தாஹிரின் றேடியோக் கடைக்கு நடந்தான்.

முன்பு அவன் கடலுக்குப் போனவன். மனைவி புஷ்பவதியின் தமையன் தம்பிராசாவின் வள்ளத்தில்தான் தொழில். தம்பிராசா வலையைப் போட்டுவிட்டுப் பொறுமையாக இருக்கிற ஆள் அல்ல. கல் உடைக்கிறவர்களிடம் டைனமைட் வாங்கி வருவான். மீன் கூட்டத்தைக் கண்டால் திரியைக் கொளுத்தி எறிவான். செத்து மிதக்கிறதை இருவரும் அள்ளுவார்கள். அறுபத்தொன்பதில் ஒருநாள் தம்பிராசா கொளுத்திக் குலசிங்கத்திடம் எறியக் கொடுத்த வெடிக்குத் திரி கட்டை. அது தண்ணீரைத் தொடுமுன்பே வெடித்தது. குலசிங்கத்தின் முகத்தில் ஒரு பக்கம் வெந்துபோனது. வலக்காது முற்றாகப் போய்விட்டது. இடக்காதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தம்பிராசா அவனைக் கரையில் கிடத்திவிட்டுப் போனான். பொலிஸ் வந்தபோது, வள்ளத்தைத் தனக்குத் தெரியாமல் மச்சான் எடுத்துக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னான். மிச்ச வெடிகள் குலசிங்கத்தின் குசினிக் கூரைக்குள் அகப்பட்டன. அவற்றை அங்கே செருகி வைத்தது யார் என்று புஷ்பவதிக்குத் தெரியும். ஆனால் அவள் வாய் திறக்கவில்லை. குலசிங்கம் மறியலுக்குப் போய் ஒரு வருடம் சிறையில் இருந்துவிட்டு வந்தான். வந்த அன்றே, "இனி உன்ர அண்ணன்ர பேர் இந்த வீட்டில கேக்கப்படாது" என்றான்.

காதுப்பெட்டியைத் தேடிக் கொடுத்தது தாஹிர். துறைமுகத்துக்கு வந்த ஒரு கிரேக்க மாலுமி விற்றுவிட்டுப் போன பழைய சாமான் அது. சிகரெட் பெட்டியளவு இருக்கும். சட்டைப்பையில் வைத்தால் அதிலிருந்து ஒரு வயர் காதுக்கு ஏறும். விரல் பருமனில் ஒரு பென்ரோச் பற்றரி போட வேண்டும். வியர்வையும் ஐஸ் தண்ணீரும் கடற்காற்றும் சேர்ந்து அதை அடிக்கடி கெடுத்தன. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத எழுபத்துநாலாம் ஆண்டு. புதிதாக ஒன்று வாங்குவதை நினைக்கவும் ஏலாது. பழையதைத் திறந்து துடைத்துத்தான் ஆக வேண்டும்.

தாஹிர் அவன் முகத்தைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டார். அவருக்கு வயது ஐம்பதுக்குக் கிட்ட. குலசிங்கம் அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவான். மண்பானைத் தண்ணீரையும் ஒரு துணியையும் கொடுத்து மூக்கைக் காட்டினார். பிறகு பெட்டியின் மூடியைத் திருகிக் கழற்றி அவனுக்குப் பிடித்துக் காட்டினார்.

பற்றரி கசிந்திருந்தது. வெள்ளைப் பொருக்கு உள்ளே சுண்ணாம்பு போல அப்பிக் கிடந்தது. பித்தளைத் தகட்டின் மேல் பச்சைக் களிம்பு தடிப்பாக ஏறியிருந்தது. மறுமுனையில் பற்றரியை அழுத்திப் பிடிக்கிற சுருள் கம்பி துருவேறி, தொட்டதும் இரண்டாக உடைந்தது.

தாஹிர் மூங்கில் குச்சியால் பொருக்கைச் சுரண்டிக் கொட்டினார். தேசிக்காயைப் பிழிந்த புளிச்சாற்றில் பஞ்சை நனைத்துத் தகட்டின் மேல் வைத்தார். களிம்பு நுரைத்துக் கரைந்து, பஞ்சு பச்சையானது. அதைத் துடைத்து, ஸ்பிரிற்றால் கழுவி, நைந்துபோன அரத்தாள் துண்டொன்றால் தகடு மஞ்சளாக மினுங்கும் வரைக்கும் தேய்த்தார். ஒரு பழைய ரோச் லைற்றிலிருந்து சுருளை வெட்டியெடுத்து ஈயம் பற்றவைத்தார். புதுப் பற்றரி ஒன்றைப் போட்டு, பெட்டியை மேசையில் பலகைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, வயரின் முனையைக் குலசிங்கத்தின் இடக்காதில் செருகினார்.

முதலில் ஒரு கரகரப்பு. பிறகு ஒரேயடியாக உலகம் காதுக்குள் வந்து விழுந்தது. சைக்கிள் மணி, வண்டில்காரனின் சத்தம், பள்ளிவாசலில் மத்தியானத் தொழுகைக்கான லுஹர் பாங்கு.

"கேக்குதா?" தாஹிர் மெதுவாகத்தான் கேட்டார்.

"கேக்குது நானா. நீங்கள் மூச்சு விடுறதும் கேக்குது."

"ஆர் அடிச்ச?"

"லொறிக்காரன். அவனில பிழையில்லை. நான் செத்திருப்பன்."

"கழட்டாம கொஞ்ச நேரம் இப்பிடியே வச்சிக்கிட்டு இரிங்க. சூடாகுதா எண்டு பாக்கணும். நான் தொழுதிட்டு வாறன்."

தாஹிர் தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கினார். கடையில் குலசிங்கம் மட்டும்தான். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை. பெட்டி சுவரோடு ஒட்டி இருந்ததால், அங்கே கரண்டி கோப்பையில் முட்டுவதுகூட அவனுக்குக் கேட்டது. பிறகு கதிரைகள் இழுபட்டன. யாரோ வந்து சுவர்ப் பக்கமாக அமர்ந்தார்கள்.

"ஆள் அங்கதான் எண்டு நிச்சயமோ?"

குரல் யாருடையதென்று உடனே தெரிந்துவிட்டது. குணரத்தினம், கரைவலைச் சம்மாட்டி. நாற்பது பேர் இழுக்கிற வலை அவனுடையது. போன மாதம் அந்த வலை மீனை வளைத்திருந்தபோது தம்பிராசா வள்ளத்தில் வந்து, அதே கூட்டத்தின் மேல் வெடியை எறிந்தான். வலையின் மடியைப் பிடித்துக்கொண்டு நீந்தி நின்ற குணரத்தினத்தின் தம்பி அருமைத்துரை, காதாலும் மூக்காலும் இரத்தம் வடியக் கரைக்கு வந்தான். வரும்போது உயிர் இல்லை. அன்றிலிருந்து தம்பிராசா தலைமறைவு. பொலிசும் தேடியது, குணரத்தினமும் தேடினான்.

"ஓம் சம்மாட்டி," என்றது இன்னொரு குரல். "லிங்கநகருக்கு அங்கால, கண்டல் பத்தைக்குள்ள வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன எண்ணெய் ஸ்டோர் ஒண்டு கிடக்கு. நேற்றும் முந்தநாளும் பின்னால போய்ப் பாத்தனான். தங்கச்சிக்காரி மத்தியானச் சோறு கொண்டுபோறாள்."

"செவிடன்ர பெண்சாதியோ?"

"அவள்தான். புருசனுக்குத் தெரியாது."

"சோறு தின்னேக்க ஒருத்தன்ர கையில கத்தி இராது," என்றான் குணரத்தினம். "அப்ப போவம். மண்டாவை எடுத்துக்கொண்டு மற்றவனும் வரட்டும், மூண்டு பேர் போதும்."

மண்டா என்றால் சுறாவைக் குத்துகிற நீள ஈட்டி.

"அவளும் நிண்டா?"

ஒரு கோப்பை மேசையில் வைக்கப்பட்டது.

"குறுக்க வந்தா அவளுக்கும்தான். என்ர தம்பி ஆருக்குக் குறுக்க வந்தவன்?"

குலசிங்கம் அசையாமல் இருந்தான். முதலில் அவனுக்கு வந்தது சந்தோசம். மறியல் வீட்டுப் பாயில் கிடந்து எத்தனை தரம் தம்பிராசாவைக் கொன்றிருப்பான்! இப்போது கையே அழுக்குப்படாமல் அது நடக்கப் போகிறது. அவன் செய்ய வேண்டியதெல்லாம் இந்தக் கதிரையில் இருப்பதுதான். தாஹிர் வந்ததும், பெட்டி நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

இரண்டாவதாகப் புஷ்பவதியின் மேல் கோபம் வந்தது. கொஞ்ச நாளாகப் பானையில் சோறு குறைந்திருந்ததும், கேட்டால் 'அரிசி காணாது' என்று அவள் சைகை காட்டியதும் நினைவுக்கு வந்தன. அவனைச் செவிடாக்கியவனுக்கு அவனுடைய சோறு போயிருக்கிறது.

மூன்றாவதாகத்தான் அந்த 'அவளுக்கும்தான்' என்ற சொல் உறைத்தது. அவன் பெட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டான். கடை வாசலில் நின்ற தாஹிரின் சைக்கிளை எடுத்தான்.

லிங்கநகர் தாண்டியதும் ரோட்டு மணலாகியது. சைக்கிளைப் போட்டுவிட்டுக் கண்டல் வேர்களின் மேலால் ஓடினான். எண்ணெய் ஸ்டோருக்குக் கூரை பாதிதான் இருந்தது. தகரக் கதவு சரிந்து கிடந்தது. பின்பக்கம் உட்துறைமுகத்தின் தண்ணீர் சுவர் வரைக்கும் வந்து நின்றது. அங்கே ஒரு சிறு வள்ளம் கட்டியிருந்தது.

தம்பிராசா சப்பணம் கட்டியிருந்து சோறு தின்றுகொண்டிருந்தான். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. புஷ்பவதி பக்கத்தில் குந்தியிருந்து மீனில் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் புருசனையும், அவன் சட்டையில் இருந்த இரத்தத்தையும், இடுப்புக் கொக்கியையும் கண்டதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, அண்ணை!"

தம்பிராசா சோற்றுக் கோப்பையை எறிந்துவிட்டு எழும்பினான். பாய்க்குக் கீழே கத்தி இருந்தது. குலசிங்கம் கையைத் தூக்கி ஏதோ சொல்ல முதல் கத்தி அவன் முழங்கைக்குக் கீழே நீளமாகக் கிழித்தது. இருவரும் கட்டிப்பிடித்துச் சுவரில் மோதி விழுந்தார்கள். தம்பிராசா மேலே ஏறி இருந்து அவன் கழுத்தை நெரித்தான். குலசிங்கம் முழங்காலால் அவன் வயிற்றில் இடித்துத் தள்ளினான்.

"விடடா! குணரத்தினம் வாறான்! மூண்டு பேர். மண்டாவும் கொண்டு வாறாங்கள்!"

"ஆரடா சொன்னது?"

"நான் கேட்டனான். தேத்தண்ணிக் கடையில கதைச்சதைக் கேட்டனான்."

தம்பிராசா மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான். "நீ கேட்டனியோ? உனக்குப் பக்கத்தில வெடி போட்டாலும் கேக்காது. என்னைக் கொல்ல வந்திட்டுக் கதை விடுறாய்."

"இஞ்சாருங்கோ," என்று புஷ்பவதி அழுதாள். "காலமைதானே பெட்டி செத்துப்போச்செண்டு கையால காட்டினீங்கள். ஏன் பொய் சொல்லுறீங்கள்? வெட்டுறதெண்டா என்னை வெட்டுங்கோ."

"தாஹிர் நானா துடைச்சுத் தந்தவர். கேக்குது. நம்பாட்டி அங்கால திரும்பி நிண்டு என்னவாவது சொல்லு."

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பினாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, தனக்குள்ளே சொல்வது போலச் சொன்னாள்.

"வெடியைக் கூரைக்குள்ள வச்சது ஆரெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். நான் சொல்லேல்லை."

குலசிங்கத்துக்கு வெட்டுக்காயத்தின் எரிவு அப்போதுதான் தெரிந்தது. "ஓம்," என்றான். "நீ சொல்லேல்லை."

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தமையனிடம் கத்தினாள். "அண்ணை, உண்மைதான்! அவருக்குக் கேக்குது! எழும்புங்கோ!"

அதே நேரம் குலசிங்கத்துக்கு இன்னொன்றும் கேட்டது. கண்டல் சேற்றில் கால்கள் புதைந்து எழும் சத்தம். ஒன்றல்ல, பல கால்கள்.

"வந்திட்டாங்கள்."

தம்பிராசா பின்சுவர் இடிந்த இடத்தால் தண்ணீருக்குள் இறங்கி, வள்ளத்தின் கயிற்றை வெட்டினான். "அண்ணை, எங்களையும் ஏத்துங்கோ!" என்று புஷ்பவதி இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடினாள். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்த அவள் கையை அவன் துடுப்பால் அடித்தான். அவள் கையை எடுத்தாள். வள்ளம் போய்விட்டது.

குணரத்தினம் தகரக் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான். கையில் மீன் வெட்டுகிற பெரிய கத்தி. அவனுக்குப் பின்னால் வலைக்காரர் இருவர். ஒருவனிடம் மண்டா, மற்றவனிடம் நீள இரும்பு அலவாங்கு. சிதறிக் கிடந்த சோற்றைப் பார்த்தான். பின்சுவர் இடைவெளியால் தூரத்தில் போகிற வள்ளத்தைப் பார்த்தான். அவன் வாயிலிருந்து வந்தது பேச்சல்ல, அடிபட்ட மாடு போடுகிற சத்தம். நேரே தண்ணீருக்கு ஓடினான்.

புஷ்பவதி அந்த இடைவெளியில்தான் நின்றாள். விலகியிருக்கலாம். துடுப்பால் அடித்துவிட்டுப் போன தமையனுக்காக அப்போதும் அவள் விலகவில்லை. குணரத்தினத்தின் இடுப்புச் சாரனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"விடடி!"

"அண்ணையை விடுங்கோ, சம்மாட்டி! உங்கட காலில விழுறன்!"

கத்தி அவளுடைய தோளில் இறங்கியது. எலும்பில் பட்டு நின்றது. அவன் அதை இழுத்தெடுத்து மறுபடியும் ஓங்கினான். அந்தக் கை கீழே வரவில்லை. குலசிங்கம் பின்னால் நின்று கொக்கியை அவன் கழுத்தின் பக்கவாட்டில் இறக்கியிருந்தான். ஐஸ் பாளத்தைக் குத்தி இழுக்கிற அதே வேகத்தில் இழுத்தான்.

தகடு சுத்தமாக இருந்தது. புதுச் சுருள் பற்றரியை இறுக்கிப் பிடித்திருந்தது. ஆகையால் கொக்கி இறங்கிய சத்தமும், அதன் பிறகு குணரத்தினத்தின் தொண்டைக்குள் இரத்தம் கொப்பளித்த சத்தமும் குலசிங்கத்துக்கு ஒன்றும் குறையாமல் கேட்டன. அவன் வயரைப் பிடுங்கி எறிய நினைத்தான். அதற்குள் அலவாங்குக்காரன் அவன் நெஞ்சில் அடித்தான். சட்டைப்பைக்குள் பெட்டி நொறுங்கியது. எல்லாம் நின்றுபோனது. இரண்டு விலா எலும்பு முறிந்ததை அவன் உணர்ந்தான், ஆனால் கேட்கவில்லை. சம்மாட்டி விழுந்து கிடப்பதைக் கண்டதும் மண்டாக்காரன் அதைப் போட்டுவிட்டு ஓடினான். மற்றவனும் ஓடினான்.

குலசிங்கம் புஷ்பவதியைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்தான். ஒரு மாட்டு வண்டில்காரன் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அவளுக்குத் தையல் போடும் வரைக்கும் குலசிங்கம் வாசலில் குந்தியிருந்தான். பொலிஸ்காரர் வந்து தோளைத் தொட்டபோது, மறுபேச்சில்லாமல் இரண்டு கைகளையும் நீட்டினான்.

வழக்கில் ஒரே ஒரு கேள்வியைத்தான் எல்லாரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். செவிடனுக்கு எப்படிக் கேட்டது? குலசிங்கமும் தம்பிராசாவும் சேர்ந்துதான் குணரத்தினத்தை அந்த இடத்துக்கு வரவழைத்துக் கொன்றார்கள் என்பது எதிர்த்தரப்பின் கதை. அன்று காலை காதுப்பெட்டி வேலை செய்யவில்லை என்பதற்கு லொறிச் சாரதி சாட்சி. ஐஸ் ஸ்டோரில் நின்ற அத்தனை பேரும் சாட்சி. நொறுங்கிய பெட்டியைப் பார்த்து எவராலும் எதையும் சொல்ல முடியாது. அது வேலை செய்ததென்று சொல்லக்கூடியவர் தாஹிர் ஒருவர்தான்.

அவர் பொலிசுக்கு வாக்குமூலம் கொடுத்த மறுநாள் பட்டப்பகலில் குணரத்தினத்தின் ஆட்கள் ஆறேழு பேர் கடைக்குள் வந்தார்கள். றேடியோக்களை ரோட்டில் தூக்கி அடித்தார்கள். கண்ணாடி அலுமாரியை அவர் மேலேயே சாய்த்தார்கள். ஒருவன் அவருடைய வலக்கையை மேசையில் அமுக்கிப் பிடிக்க, இன்னொருவன் சுத்தியலால் அடித்தான்.

"கோட்டில வந்து கதைப்பியோ?" என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டான்.

தாஹிரின் மனைவி லைலா ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து கெஞ்சினாள். "நமக்கு ஏன் இந்த வேலை? செத்தவரும் அவங்க ஆள், கொண்டவரும் அவங்க ஆள். தெரியாது எண்டு சொல்லிட்டு வாங்க."

"தெரியாதெண்டு எப்பிடிச் சொல்லுற?" என்றார் தாஹிர். "நான்தானே துடைச்ச. அந்தாளு என்னோட கதைச்சாரு."

சாட்சிக் கூண்டில் ஏறியபோது கையில் மாக்கட்டு இருந்தது. பற்றரி கசிந்திருந்ததையும், களிம்பைத் தேசிக்காய்ப் புளியால் எடுத்ததையும், சுருளை மாற்றியதையும் சொன்னார். தான் மெதுவாகக் கேட்ட கேள்விக்குக் குலசிங்கம் என்ன பதில் சொன்னான் என்பதையும் சொன்னார். குறுக்கு விசாரணையில் இரண்டு மணித்தியாலம் வதைத்தும் அவர் ஒரு சொல்லை மாற்றவில்லை. அதன் பிறகு புஷ்பவதி ஏறினாள். தூக்க முடியாத தோளோடு நின்று, தமையன் சோற்றை எறிந்தது முதல் துடுப்பால் அடித்தது வரைக்கும் சொன்னாள். யாரும் கேட்காமலே, அறுபத்தொன்பதில் வெடியைக் கூரைக்குள் வைத்தது யாரென்பதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் புருசனைப் பார்த்தாள். அவனுக்கு அது கேட்கவில்லை. ஆனால் அவள் வாயைப் பார்த்து விளங்கிக்கொண்டான்.

கொலை என்று தீர்க்கவில்லை. கொலையாகாத மனிதவதை என்றார்கள். குலசிங்கம் ஐந்து வருடம் உள்ளே இருந்தான்.

தம்பிராசா சில மாதம் கழித்து இலங்கைத்துறையில் பிடிபட்டான். அங்கேயும் கடலில் வெடி போட்டிருக்கிறான். ஊர்ச் சனம் தென்னையில் கட்டி வைத்து, பொலிஸ் வரும் வரைக்கும் அடித்தது. ஒரு கண் போய்விட்டதாகப் புஷ்பவதிக்கு ஆள் வந்து சொன்னது. அவள் கேட்டுக்கொண்டு நெல்லைக் குத்தினாள். போய்ப் பார்க்கவில்லை. தாஹிரின் விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. திருகாணியைப் பிடிக்க முடியாத கையோடு றேடியோக் கடை நடத்த ஏலாது. கிண்ணியாவில் தம்பி ஹிஸ்புல்லாவின் புடவைக் கடையில் போய் இருந்தார். புஷ்பவதி வருடத்தில் இரண்டு முறை கிண்ணியாப் பாதை என்கிற மிதவையில் ஏறிப்போய், லைலாவோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு வருவாள்.

விடுதலையாகி வந்த குலசிங்கத்தை ஐஸ் ஸ்டோர்க்காரர் திரும்பவும் எடுத்தார். முதல் நாள் காலையிலேயே சந்தையில் ஒரு மனுசி அவன் முன்னால் வந்து நின்றாள். வெள்ளைச் சேலை, காலில் செருப்பில்லை. குணரத்தினத்தினதும் அருமைத்துரையினதும் தாய், பாக்கியம். அவள் பேசினாள். கத்தவில்லை, அழவில்லை. பேசி முடிந்ததும் கையை ஓங்கி அவன் கன்னத்தில் அறைந்தாள். ஒன்றல்ல, கை ஓயும் வரைக்கும் அறைந்தாள். சந்தை முழுக்க நின்று பார்த்தது. அவன் கையைத் தூக்கவில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை.

மறுநாளும் வந்தாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள். பேசுவாள், அறைவாள், போவாள். ஐந்தாறு நாளுக்குப் பிறகு புஷ்பவதிக்குக் கதை போய், அவள் சந்தைக்கு வந்து நின்றாள். அன்றும் அது நடந்தது. கிழவி போன பிறகு குலசிங்கம் மனைவியிடம் கேட்டான்.

"அவ என்ன சொல்லுறவ?"

புஷ்பவதி தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"சொல்லு. நீ எனக்கு ஒளிச்சது காணும், இனி ஒளிக்காதை."

அவள் அவனுக்கு எதிரே நின்று, உதடு தெரியும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "சின்னவனைச் சாகடிச்சவனைத் தேடித்தான் பெரியவன் வந்தவன். அவனைத் தப்ப விட்டிட்டு என்ர பிள்ளையை ஏன் சாகடிச்சனி? இதைத்தான் திரும்பத் திரும்பக் கேக்கிறா."

"நீ என்ன சொன்னனி?"

"நானோ? நான் என்னத்தைச் சொல்ல. எனக்காகத்தான் எண்டு சொன்னன். என்னையும் அடியுங்கோ எண்டன். அவ என்னைத் தொடேல்லை."

குலசிங்கம் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றான். பிறகு உள்ளே போய் வேலையைப் பார்த்தான். அந்த மாதம் முழுக்க அவள் வந்தாள், அவன் நின்றான். ஒருநாள் அவள் அறையவில்லை. கையை ஓங்கியவள் அப்படியே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்துவிட்டாள். அவளுக்குத் தண்ணீர் கொடுக்க எவரும் வரவில்லை. புஷ்பவதிதான் கொண்டுவந்து கொடுத்தாள். கிழவி அதைக் குடிக்காமல் ஊற்றிவிட்டு எழும்பிப் போனாள். அதற்குப் பிறகு அவள் சந்தைப் பக்கம் வரவில்லை.

"தோப்பூருக்குப் போவம்," என்றான் குலசிங்கம் சில நாள் கழித்து ஒரு பின்னேரம். "நான் இஞ்ச நிண்டா அந்த மனுசி வீட்டை விட்டு வெளிக்கிட மாட்டா."

அடுத்த கிழமை மூதூர் போகிற லோஞ்சுப் படகில் ஏறினார்கள். ஒரு பெட்டி, ஒரு பாய்ச் சுருள், இரண்டு பானை. தோப்பூரில் ஓர் அரிசி ஆலையில் அவனுக்கு வேலை கிடைத்தது. மெஷின் ஓடத் தொடங்கினால் அங்கே ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. எல்லாரும் கையால்தான் காட்டுவார்கள். அவனைச் செவிடன் என்று அங்குள்ளவர்கள் அறிந்துகொள்ள வெகுநாள் எடுத்தது.